கதீஜா ஷா: கோல் கணக்குக்குள் அடங்காத ஒரு ஸ்ட்ரைக்கர்

பிரான்ஸ் மகளிர் முதல் பிரிவு லீகில் 2020–21 பருவத்தில் 22 கோல். இங்கிலாந்து மகளிர் சூப்பர் லீகில் 2022–23இல் 20 கோல், அடுத்த பருவத்தில் 21. எந்த நாட்டில், எந்த கிளப்பில் ஆடினாலும் இப்படிக் கோல்களைக் குவித்தவர் ஜமைக்காவின் ஸ்ட்ரைக்கர், அதாவது கோல் அடிக்கும் முன்கள ஆட்டக்காரர், கதீஜா ஷா. அதே கதீஜா ஷா இரண்டு உலகக் கோப்பைகளில் ஆடி ஒரு கோல்கூட அடித்ததில்லை. 2019இல் பிரான்ஸில் இல்லை, 2023இல் ஆஸ்திரேலியாவிலும் இல்லை.

பெரிய மேடையில் கால் நடுங்கிவிட்டது என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் பூஜ்ஜியத்துக்குப் பின்னால் இருப்பது அவருடைய குறை கிடையாது. ஒரு நாடு தன் பெண்கள் கால்பந்துக்கு எவ்வளவு கொடுத்தது, எவ்வளவு கொடுக்கவில்லை என்பதன் கணக்கு அது. ஷாவின் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால்தான் இது விளங்கும்.

ஷா பிறந்தது 1997 ஜனவரி 31 அன்று, ஸ்பானிஷ் டவுனில். கிங்ஸ்டனுக்கு மேற்கே இருக்கும் பழைய ஊர் அது. ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டில் உருவாக்கியது. 1872இல் கிங்ஸ்டனுக்கு மாறும்வரை ஜமைக்காவின் தலைநகரமாக இருந்தது. பழைய சதுக்கமும் பிரிட்டிஷ் காலக் கட்டடங்களும் இன்னும் நிற்கின்றன. ஆனால் இன்றைய ஜமைக்காவில் ஸ்பானிஷ் டவுன் என்றதும் மக்கள் நினைவுக்கு முதலில் வருவது கும்பல் மோதல்களும் துப்பாக்கிச் சத்தமும்தான். அப்பா செருப்புத் தைப்பவர், அம்மா கோழி வளர்த்தவர், வீடு நிறையப் பிள்ளைகள். அண்ணன்மார் தெருவில் பந்தாடுவதைப் பார்த்துத்தான் ஷாவும் ஆடத் தொடங்கினார். கேரட் என்றால் அவருக்கு அவ்வளவு பிரியம் என்பதால் ஓர் அண்ணன் ‘பன்னி’ என்று பட்டப்பெயர் வைத்தார். இன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி கிளப் ரசிகர்கள் முழங்குவதும் அந்தப் பெயரைத்தான்.

அந்த ஊர் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதும் நிறைய. நான்கு சகோதரர்களை இழந்திருக்கிறார். மூன்று பேர் கும்பல் வன்முறையிலும் ஒருவர் சாலை விபத்திலும் போனார்கள். உறவுப் பிள்ளைகளின் மரணமும் சேர்ந்துகொண்டது. இந்த இழப்புகளில் சில, அவர் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் வந்தவை. 2018இல் பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் அவரை அந்த ஆண்டின் கால்பந்து வீரராகத் தேர்ந்தெடுத்தது. அது கோல் எண்ணிக்கைக்குத் தருகிற விருது இல்லை. இடர்களைத் தாண்டி அசாதாரணமான ஒன்றைச் செய்தவர்களுக்குத் தருவது. அந்த விருதுக்குப் பிறகுதான் ஜமைக்காவுக்கு வெளியே பலருக்கு அவர் பெயர் தெரிய வந்தது.

சரி, அமெரிக்காவுக்கு ஏன் போக வேண்டியிருந்தது? ஜமைக்காவில் ஒரு பையன் நன்றாகப் பந்தாடினால் அவனுக்கு ஒரு பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். பள்ளி அணி, அப்புறம் 1909 முதல் நடந்துவரும் மேனிங் கோப்பை, கிராமப்புறப் பள்ளிகளுக்கு டகோஸ்டா கோப்பை. பள்ளிப் பையன்களின் ஆட்டத்தைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் திரள்வார்கள், செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாக எழுதும். அங்கிருந்து உள்ளூர் லீக், பிறகு வெளிநாட்டு கிளப். ஓட்டப்பந்தயம் என்றால் பையனோ பெண்ணோ இருவருக்கும் ‘சாம்ப்ஸ்’ எனப்படும் பள்ளித் தடகளப் போட்டி இருக்கிறது. உலகத்தின் வேகமான பெண்கள் அந்தத் தீவிலிருந்து வந்துகொண்டே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கால்பந்து ஆடும் பெண்ணுக்கு மட்டும் இதற்கு இணையாக எதுவும் இல்லை. ஆடிச் சம்பாதிக்கத் தொழில்முறை மகளிர் லீக்கும் இல்லை.

தேசிய அணியின் நிலையும் மோசம். ‘ரெகே கேர்ள்ஸ்’ என்று அழைக்கப்படும் ஜமைக்கா மகளிர் அணி, 2008க்குப் பிறகு பணமில்லை என்ற காரணத்தால் கிட்டத்தட்ட ஆறு ஆண்டுகள் ஆடாமலே கிடந்தது. அந்த ஆறு ஆண்டுகள் எவை என்று பாருங்கள்: ஷாவின் 11 வயது முதல் 17 வயது வரையான காலம். ஒரு விளையாட்டு வீராங்கனை உருவாகும் வயதே அதுதான். தான் போய்ச் சேர வேண்டிய அணி என்று ஒன்று கண்ணெதிரே இல்லாமலேதான் அவர் வளர்ந்தார். இளையோர் அணிகள் அவ்வப்போது கூடும், ஆடும், கலையும். பதின்ம வயதிலேயே அந்த அணிகளுக்குத் தேர்வானார் என்றாலும், மேலே ஏறுவதற்கு அடுத்த படி கண்ணில் படவில்லை.

2014இல்தான் திருப்பம் வந்தது. ரெகே இசைக் கலைஞர் பாப் மார்லியின் மகள் செடெல்லா மார்லிக்கு அணிக்கு நிதி கேட்டு வந்த ஒரு துண்டறிக்கை மூலம் விஷயம் தெரிந்தது. நாட்டுக்கு ஒரு மகளிர் அணி இருப்பதும், அது பணமின்றி முடங்கியிருப்பதும் அவரை உலுக்கியது. அவர் நிதி திரட்டினார், பாப் மார்லி அறக்கட்டளையைப் பக்கபலமாக நிறுத்தினார், அணியின் தூதரானார். அணி உயிர்பெற்றது. 2015இல் ஷா மூத்தோர் அணியில் அறிமுகமானார். ஆனால் 2016 ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி கிடைக்காமல் போனதும் அணி மறுபடி முடங்கியது. ஓர் அணியை இரண்டு தடவை மூடித் திறந்தால் அதில் ஆடுபவர்களுக்கு என்ன நிச்சயம் இருக்கும்?

ஆகவே அமெரிக்கக் கல்லூரி என்பது ஷாவுக்கு ஆசைக்காகத் தேர்ந்த வழியாக இருந்திருக்க முடியாது. திறந்திருந்த கதவு அது ஒன்றுதான். கால்பந்துக்காகக் கிடைக்கும் உதவித்தொகையில் படிக்கலாம், ஒழுங்கான பயிற்சி, மருத்துவ வசதி, நல்ல மைதானம் எல்லாம் உண்டு. முதலில் ஃபுளோரிடாவில் உள்ள ஈஸ்டர்ன் ஃபுளோரிடா ஸ்டேட் கல்லூரி. பிறகு 2017 முதல் டென்னசி பல்கலைக்கழகம். அங்கே 2018இல், டென்னசி ஆடும் கல்லூரிக் கூட்டமைப்பின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றார். பட்டமும் வாங்கினார். இந்த ஏற்பாட்டில் ஒரு விலையும் இருந்தது. கல்லூரி அணியில் ஆடுகிறவர்கள் அந்தக் காலத்து விதிப்படி தொழில்முறையாகச் சம்பளம் வாங்கி ஆட முடியாது. ஐரோப்பாவில் அதே வயதுப் பெண்கள் 18 வயதிலேயே ஒப்பந்தம் போட்டுச் சம்பாதிக்கும்போது, ஷா தன் முதல் தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 22 வயதில்.

அதற்கிடையில் ஜமைக்கா வரலாறு படைத்தது. 2018 அக்டோபரில் டெக்சாஸின் ஃபிரிஸ்கோ நகரில், வட, மத்திய அமெரிக்க, கரீபியன் மண்டலத்தின் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். எதிரணி பனாமா. வென்றால் உலகக் கோப்பை. ஷா ஒரு கோல் போட்டார், கூடுதல் நேரத்தில் இளம் ஆட்டக்காரர் ஜோடி பிரவுன் இன்னொன்று. பனாமா விடாமல் சமன் செய்ய, 2–2 என்று பெனால்டி ஷூட்அவுட்டுக்குப் போனது. ஷூட்அவுட்டுக்கென்றே களமிறக்கப்பட்ட கோல்கீப்பர் நிக்கோல் மெக்ளூர் இரண்டு உதைகளைத் தடுத்தார். கரீபியன் நாடொன்று மகளிர் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது அதுவே முதல் முறை. ஆண்கள் அணியான ரெகே பாய்ஸ் 1998இல் பிரான்ஸ் உலகக் கோப்பைக்குப் போய் 21 ஆண்டுகள் கழித்து, பெண்களும் அதே பிரான்ஸுக்குப் போனார்கள்.

2019 பிரான்ஸில் நடந்தது கசப்பான பாடம். பிரேசிலிடம் 0–3, இத்தாலியிடம் 0–5, ஆஸ்திரேலியாவிடம் 1–4. மூன்று ஆட்டங்களில் 12 கோல் வாங்கினார்கள். ஷாவுக்கு ஏன் கோல் வரவில்லை என்பதற்கான பதில் இந்த எண்களிலேயே இருக்கிறது. ஒரு ஸ்ட்ரைக்கர் தனியாகக் கோல் போடுவதில்லை. பின்னால் இருந்து பந்து சுத்தமாக நடுக்களத்துக்கு வர வேண்டும், அங்கிருந்து பக்கவாட்டுக்கு, பக்கவாட்டிலிருந்து கோலுக்கு முன்னால் இருக்கும் பெட்டிக்குள். ஜமைக்கா தன் பாதியிலேயே திணறிக்கொண்டிருந்தபோது ஷாவுக்கு வந்தது எல்லாம் தப்பிப்பதற்காக உயரத் தூக்கி அடிக்கப்பட்ட பந்துகள்தான். அதனால் அவர் கீழே இறங்கி வந்து நடுக்கள வேலையையும் பார்த்தார். கிரனோபிளில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஜமைக்காவின் முதல் உலகக் கோப்பை கோலை ஹவானா சொலான் அடித்தார். அதற்கான பாஸ் ஷாவுடையது. தடுப்பாளர்களுக்கு இடையே, ஓடும் தோழிக்கு முன்னால் சரியாக விழுந்த பாஸ். கோல் பட்டியலில் ஷா பெயர் இல்லாவிட்டாலும் அந்தக் கோலில் பாதி அவருடையது என்றே நான் நினைக்கிறேன்.

ஊர் திரும்பிய சில மாதங்களில், சேர வேண்டிய பணம் வரவில்லை என்று ஆட்டக்காரர்கள் அறிவித்தார்கள். பணம் வரும்வரை ஆட மாட்டோம் என்று சொன்னவர்களில் ஷாவும் முன்வரிசையில் நின்றார்.

அதே 2019இல் ஷா பிரான்ஸின் போர்தோ கிளப்பில் சேர்ந்தார். பிரெஞ்சு மகளிர் லீக் என்றால் லியோனும் பாரிஸ் சான் ஜெர்மனும்தான்; மற்ற அணிகள் மூன்றாம் இடத்துக்குப் போட்டி போடுபவை. அப்படிப்பட்ட லீகில், இரண்டு பெரிய அணிகளுக்கும் வெளியே இருந்து 2020–21இல் 22 கோல் அடித்து முதலிடம் பிடித்தது சாதாரணம் இல்லை. லியோனின் தாக்குதலில் ஆடுபவருக்கு ஓர் ஆட்டத்தில் பத்து வாய்ப்பு வரும். போர்தோவில் இரண்டு மூன்று வந்தால் அதிகம். கிடைத்ததை வீணாக்காத பழக்கம் ஷாவிடம் அங்கே உறுதிப்பட்டது என்று சொல்லலாம். போர்தோ மூன்றாம் இடம் பிடித்து சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்கும் போனது.

2021இல் மான்செஸ்டர் சிட்டி அழைத்தது. முதல் பருவத்தில் இங்கிலாந்தின் எலன் வைட்டுடன் இடத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. 2022 கோடையில் வைட் ஓய்வு பெற்றதும் முன்களம் ஷாவிடம் வந்தது. அங்கேதான் முதல் முறையாக அவரைச் சுற்றி ஒரு முழு அமைப்பு நின்றது. இடப்பக்கம் லாரன் ஹெம்ப், வலப்பக்கம் குளோயி கெல்லி, இருவரும் ஓயாமல் பெட்டிக்குள் பந்தை அனுப்புபவர்கள். நடுவில் ஆறடியை ஒட்டிய உயரத்தில் ஷா.

உயரத்தால் மட்டும் கோல் வந்துவிடாது. ஷாவின் ஆட்டத்தைக் கவனித்துப் பார்த்தால் கிராஸ் (பக்கவாட்டிலிருந்து பெட்டிக்குள் அனுப்பும் பந்து) வருவதற்கு முந்தைய இரண்டு நொடிகள்தான் முக்கியம் என்று தெரியும். தடுப்பாட்டக்காரரின் பார்வைக்கு வெளியே, முதுகுப்பக்கம் போய் நிற்பார். பந்து கிளம்பும் கணத்தில் அவருக்கு முன்னால் வெட்டி வருவார், அல்லது பின் கம்பத்துக்கு நழுவுவார். கோலுக்கு முதுகு காட்டிப் பந்தை வாங்கும்போதோ நேர்மாறாக உடலை முழுக்கக் கொடுத்து எதிராளியைத் தாங்கி நிற்பார், தோழிகள் மேலே வரும்வரை பந்து அவர் காலடியை விட்டுப் போகாது. இளம் வயதில் நடுக்களத்திலும் ஆடியவர் என்பது அப்போது தெரியும். பாஸ் கொடுக்கும் ஸ்ட்ரைக்கர் அவர்.

2024 ஜனவரியில் லிவர்பூலுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்து, ஜார்ஜியா ஸ்டான்வேயைத் தாண்டி, சிட்டி மகளிர் அணியின் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவரானார். அந்தக் கிளப்பில் மூன்றாவது பருவத்திலேயே இதைச் செய்தார். 21 கோலுடன், லீகில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி விருதும் அந்தப் பருவத்தில் அவருக்கே. ஆங்கிலக் கால்பந்து எழுத்தாளர்கள் சங்கத்தின் விருது, சக ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தரும் தொழில்முறை வீரர்கள் சங்கத்தின் விருது, இரண்டும் 2024இல் அவருக்குக் கிடைத்தன.

இருந்தும் அந்தப் பருவத்தை அவர் நினைத்தால் வலிக்கத்தான் செய்யும். சிட்டியோடு பட்டத்துக்குப் போட்டியிட்ட செல்சி, 2024 மே 1 அன்று லிவர்பூலிடம் 4–3 என்று தோற்றதும் அதன் பயிற்சியாளர் எம்மா ஹேய்ஸ் பட்டம் கைவிட்டுப் போனது என்றே சொல்லிவிட்டார். சிட்டி ஆறு புள்ளி முன்னால் இருந்தது. ஆனால் அதற்குச் சில நாள் முன்பு, பிரிஸ்டல் சிட்டியை 4–0 என்று வென்ற ஆட்டத்தில், ஷாவின் பாத எலும்பு முறிந்திருந்தது. மே 5 அன்று அவர் இல்லாமல் ஆர்சனலை எதிர்கொண்ட சிட்டி, முன்னிலை எடுத்துவிட்டுக் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் வாங்கி 1–2 என்று தோற்றது. அதே நாளில் செல்சி பிரிஸ்டல் சிட்டியை 8–0 என்று நொறுக்கியது. கடைசியில் இரு அணிக்கும் 55 புள்ளி, கோல் வித்தியாசத்தில் (அடித்த கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்த எண்ணில்) பட்டம் செல்சிக்கு. வெறும் கோல் வித்தியாசம்! லீகில் அதிக கோல் அடித்தவர் இல்லாமல் ஆடிய அணி, கோல் வித்தியாசத்தில் பட்டம் இழந்தது. ஷா நின்றிருந்தால் நிச்சயம் வென்றிருப்பார்கள் என்று யாராலும் நிரூபிக்க முடியாதுதான். நான் அப்படித்தான் நம்புகிறேன்.

இப்போது 2023 உலகக் கோப்பைக்கு வருவோம். அதற்குத் தகுதி பெற்றதே ஷாவின் கோல்களால்தான். 2022இல் மான்டெரேயில் மெக்சிகோவை அதன் சொந்த மண்ணில் 1–0 என்று சாய்த்தது அவர் கோல். ஆனால் உலகக் கோப்பைக்கு ஒரு மாதம் முன்பு ஆட்டக்காரர்கள் வெளிப்படையாக ஒரு கடிதம் எழுத வேண்டி வந்தது. பயணம், தங்குமிடம், பயிற்சி வசதி, சாப்பாடு, ஊதியம், தகவல் தொடர்பு என்று எல்லாவற்றிலும் ஜமைக்கா கால்பந்து கூட்டமைப்பு தங்களைக் கைவிட்டுவிட்டது என்று எழுதினார்கள். அணியில் இருந்த ஒருவரின் தாய் இணையத்தில் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டினார். உலகக் கோப்பைக்குப் போகும் ஒரு தேசிய அணிக்கு!

அந்த அணிதான் சிட்னியில் பிரான்ஸை 0–0 என்று நிறுத்தியது. தலைவியாக ஆடிய ஷா, கூடுதலாகச் சேர்த்த நிமிடங்களில் இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறினார். அடுத்த ஆட்டத்தில் அவர் இல்லை. ஜமைக்கா கதை அதோடு முடிந்தது என்று நினைத்தவர்கள் பலர். பெர்த்தில் பனாமாவுக்கு எதிராகக் கார்னர் கிக் ஒன்றை ஆலிசன் ஸ்வாபி தலையால் முட்டிக் கோலாக்க, 1–0. உலகக் கோப்பையில் ஜமைக்கா பெண்களின் முதல் வெற்றி, தங்கள் சிறந்த ஆட்டக்காரர் இல்லாமல்.

மெல்போர்னில் பிரேசில். பிரேசிலுக்கு வெற்றி கட்டாயம், ஜமைக்காவுக்குச் சமன் போதும். இதுவே தன் கடைசி உலகக் கோப்பை என்று பிரேசிலின் நட்சத்திர ஆட்டக்காரர் மார்த்தா முன்பே அறிவித்திருந்தார். பயிற்சியாளர் லோர்ன் டொனால்ட்சன் அணியை ஆழமாகப் பின்னால் நிறுத்தினார். திரும்பி வந்த ஷா முன்னால் தனியாக. பந்து பெரும்பாலும் பிரேசிலிடமே இருந்தது. இத்தகைய ஆட்டத்தில் ஸ்ட்ரைக்கருக்கு வரும் வேலை வேறு மாதிரி: வரும் சில பந்துகளைப் பிடித்து வைத்துக்கொண்டு பின்னால் இருக்கும் பத்துப் பேருக்கு மூச்சுவிட நேரம் வாங்கித் தருவது. அவர் அங்கே நிற்பதாலேயே பிரேசில் தடுப்பாட்டக்காரர்கள் முழுக்க ஏறி வரத் தயங்குவார்கள். கோல் கணக்கில் இதற்கு எந்தக் கட்டமும் கிடையாது. 0–0. பிரேசில் வெளியே, ஜமைக்கா அடுத்த சுற்றில். மூன்று குழு ஆட்டங்களிலும் கோல்கீப்பர் ரெபெக்கா ஸ்பென்சர் ஒரு கோல்கூட விடவில்லை. பிறகு கொலம்பியாவிடம் கத்தலினா உஸ்மேயின் ஒரே கோலில் தோற்றார்கள்.

2019இல் 12 கோல் வாங்கிய அணி 2023இல் நான்கு ஆட்டங்களில் வாங்கியது ஒன்றே ஒன்று. அடித்ததும் ஒன்றுதான். முன்னேற்றம் எங்கே நடந்தது, எங்கே நடக்கவில்லை என்று இது தெளிவாகக் காட்டுகிறது. தடுப்பாட்டத்தை, வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த ஜமைக்கா வம்சாவளியினரைச் சேர்த்து, ஒழுக்கத்தாலும் உறுதியாலும் கொஞ்ச நாளில் கட்டிவிடலாம். தாக்குதல் ஆட்டம் அப்படி வராது. ஒருவர் எங்கே ஓடுவார் என்று மற்றவருக்குக் கண்ணை மூடினாலும் தெரிய வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் சேர்ந்து பயிற்சி செய்ய வேண்டும், நட்பு ஆட்டங்கள் வேண்டும், பணம் வேண்டும். சிட்டியில் ஷாவுக்கு அது தினமும் கிடைக்கிறது. ஜமைக்கா அணியில் கிடைப்பதில்லை. அவருடைய உலகக் கோப்பைப் பூஜ்ஜியத்துக்கு எனக்குத் தெரிந்த நேர்மையான விளக்கம் இதுதான்.

அந்த உலகக் கோப்பை முடிந்த பிறகாவது மாறியதா? 2023 அக்டோபரில், ஒப்பந்தப்படி வர வேண்டிய பணம் முழுதாக வரவில்லை என்று சொல்லி முன்னணி ஆட்டக்காரர்கள் தங்கள் மண்டலப் போட்டியான தங்கக் கோப்பையின் தகுதி ஆட்டங்களைப் புறக்கணித்தார்கள். கூட்டமைப்பு வேறு அணியை இறக்கியது. ஜமைக்கா தகுதி பெறவில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆங்கிலக் கால்பந்து எழுத்தாளர்கள் சங்கத்தின் விருதை ஜமைக்காவில் பிறந்த தாக்குதல் ஆட்டக்காரர்கள் முன்பும் வாங்கியிருக்கிறார்கள். 1988இலும் 1990இலும் ஜான் பார்ன்ஸ், 2019இல் ரஹீம் ஸ்டெர்லிங். இருவரும் கிங்ஸ்டனில் பிறந்து, சிறுவயதில் இங்கிலாந்துக்குப் போய், இங்கிலாந்து சட்டையில் ஆடியவர்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை, அவர்களை வளர்த்த மண் அது. ஷா ஜமைக்காவிலேயே வளர்ந்து, ஜமைக்கா சட்டையைப் போட்டுக்கொண்டே அந்த இடத்தை எட்டினார். ஜமைக்கா ஆண்கள் அணியில் அதிக கோல் அடித்தவர் லூட்டன் ஷெல்டன், 35 கோல். 2021இல் நரம்பு நோயால் 35 வயதிலேயே மறைந்தார். அந்த எண்ணிக்கையை ஷா எப்போதோ தாண்டிவிட்டார். ஆணோ பெண்ணோ, அந்த நாட்டுக்காக அவரளவு கோல் அடித்தவர் இல்லை.

புகழ் கூடும்போது வரும் கொடுமையும் அவரை விடவில்லை. 2025 பிப்ரவரியில் லீக் கோப்பை அரையிறுதியில் ஆர்சனலிடம் தோற்றதும் இணையத்தில் இனவெறியும் பெண் வெறுப்பும் கலந்த வசைகள் அவர்மீது பொழிந்தன. அடுத்த ஆட்டத்தில் அவர் ஆடவில்லை. பிறகு திரும்பி வந்து, அந்தப் பருவத்தில் 12 கோலுடன் ஆர்சனலின் அலெசியா ரூசோவோடு தங்கக் காலணியைப் பகிர்ந்துகொண்டார்.

அடுத்த உலகக் கோப்பை 2027இல் பிரேசிலில். ஜமைக்கா தகுதி பெற்றால் ஷா அங்கே 30 வயதில் நிற்பார். ஒரு ஸ்ட்ரைக்கர் தன் ஆட்டத்தை முழுக்க அறிந்திருக்கும் வயது அது. அவருக்குப் பந்து கொண்டுவந்து தரும் ஓர் அணியை அதற்குள் கட்டுவது கிங்ஸ்டனில் இருக்கும் கூட்டமைப்பின் பொறுப்பு. ஸ்பானிஷ் டவுனில் இப்போது பந்தாடிக்கொண்டிருக்கும் சிறுமிகளுக்கு உள்ளூரிலேயே ஒரு லீக் அமைத்துத் தருவதும் அதே அலுவலகத்தின் வேலைதான்.